கைக்கெட்டும் தூரம்

பெருவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய வெள்ளைப் பை அது. எச்சில் ஊறி உள்ளே போகும்படியான மெல்லிய உறை. அதற்குள் பொடித்த புகையிலை, கூடவே புதினா வாசனை. உதட்டை இழுத்து ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவே செருகிக்கொண்டால் போதும். புகை இல்லை, தீப்பெட்டி தேவையில்லை, ஹான்ஸ் புகையிலை போட்டவனைப் போல ஓயாமல் எழுந்துபோய்த் துப்பவும் வேண்டாம். கணக்கு வாத்தியாருக்கு நேர் எதிரே உட்கார்ந்தபடி ஒரு பாடவேளை முழுவதையும் ஓட்டிவிடலாம். வருகைப் பதிவின்போது பெயரைக் கூப்பிட்டால் ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்லாமல் கையை மட்டும் தூக்குகிறவன்மீது ஆசிரியருக்குச் சந்தேகம் வரலாம். மற்றபடி வெளியே தெரியாது.

கூல் லிப் என்ற பெயரில் விற்கும் இந்தப் பை 2024 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரைக்கும் போனது. தடை செய்யப்பட்ட புகையிலைப் பொருள் தொடர்பான ஜாமீன் மனுக்களை விசாரித்த நீதிபதி பரத சக்கரவர்த்தி, பள்ளிப் பிள்ளைகள் இதற்கு அடிமையாவதைக் குறிப்பிட்டார். நாடு முழுவதும் இதைப் பாதுகாப்பற்ற உணவுப் பொருள் என்று அறிவித்து ஏன் தடை செய்யக் கூடாது என்று மத்திய அரசைக் கேட்டார். நாளிதழ்களில் நாலு நாள் பேச்சாக இருந்தது. பிறகு வழக்கம்போல வேறு செய்தி வந்துவிட்டது.

போதை என்றதும் நம் மனசுக்கு வருவது கஞ்சா, ஊசி, மாத்திரை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். அவர்கள் கையில் முதலில் வந்து சேர்வது பெட்டிக்கடையில் கிடைப்பதுதான். உலக இளையோர் புகையிலை ஆய்வின் நான்காம் சுற்று 2019இல் இந்தியாவில் 987 பள்ளிகளில் நடந்தது. 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வடிவத்தில் புகையிலை பயன்படுத்துவதாகச் சொன்னார்கள், ஆண்களில் 9.6, பெண்களில் 7.4. ‘பொட்டப்புள்ளைங்க அப்படிச் செய்யாதுங்க’ என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் அந்த இரண்டாவது எண்ணை இன்னொரு தரம் படிக்கலாம். சிகரெட் தொட்டவர்கள் அதைத் தொட்ட நடு வயது 11.5. பீடிக்கு 10.5. மெல்லும் புகையிலைக்கு 9.9. அதாவது நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு.

மெல்லுவது ஏன் முதலில் வருகிறது என்பதற்கு வேதியியலில் பாதி விடை இருக்கிறது. நிக்கோட்டின் ஒரு காரப் பொருள். சுற்றியிருக்கும் ஈரம் அமிலத்தன்மையோடு இருந்தால் அது மின்னூட்டம் ஏற்றுக்கொண்டுவிடும். அந்தக் கோலத்தில் வாயின் உட்சவ்வைத் தாண்டி இரத்தத்துக்குள் போவது கடினம். ஈரம் காரத்தன்மைக்கு மாறினால் மின்னூட்டத்தை உதிர்த்துவிட்டுச் சவ்வை எளிதாகக் கடக்கும். பி.எச். அளவு 6இல் இருக்கும்போது நூற்றில் ஒரு பங்கு நிக்கோட்டின்தான் இப்படி விடுபட்டு நிற்கும். 8இல் பாதி. 9இல் பத்துக்கு ஒன்பது பங்கு. ஆகவே புகையிலையின் வீரியத்தைக் கூட்ட இன்னும் அதிகப் புகையிலை தேவையில்லை. கொஞ்சம் சுண்ணாம்பு போதும். இதை ஆய்வுக்கூடத்தில் யாரும் கண்டுபிடித்து நமக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெற்றிலையின் முதுகில் சுண்ணாம்பு தடவிப் புகையிலையைக் கிள்ளி வைத்துக்கொண்ட நம் பாட்டிகளுக்குப் பி.எச். தெரியாது, விளைவு நன்றாகத் தெரியும்.

ஈரோடு மாவட்டத்து அந்தியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையே இல்லை. ராசி வெற்றிலை, பீடா வெற்றிலை, செங்காம்பு வெற்றிலை என்று தரம் பிரித்துக் கட்டுக் கட்டாக ஏலம் போகும் வெற்றிலைச் சந்தை இந்த ஊரின் அடையாளம். முகூர்த்த நாள் நெருங்கினால் கட்டு விலை ஏறும். ஈரோடு, கோவை மாவட்டங்களில் மெல்லும் புகையிலை பயிராகவும் இருந்துவருகிறது. சீர் தட்டில் வெற்றிலை பாக்கு, பந்தியை விட்டு எழுந்ததும் தாம்பூலம், காட்டு வேலைக்குப் போகும் ஆத்தாவின் சுருக்குப் பையில் ஒரு துண்டு. வெற்றிலையை நான் குற்றம் சொல்ல வரவில்லை; அது வெறும் இலை. பாக்கின் கதை வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் பாக்கையே, புகையிலை சேராவிட்டாலும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவுப் பொருட்களில் வைத்தது. வாயில் எதையாவது அதக்கிக்கொண்டிருப்பது இங்கே யாருக்கும் உறுத்தாத காட்சி என்பதுதான் நான் சொல்ல வருவது. பத்து வயதுப் பையன் சிகரெட் பிடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். பாக்குப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து வாயில் கொட்டிக்கொண்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். இனிப்புப் பாக்கிலிருந்து புகையிலை கலந்த பொட்டலத்துக்கு ஒரு அலமாரித் தட்டுதான் தூரம்.

ஊரின் அமைப்பையும் பார்க்க வேண்டும். அந்தியூருக்குத் தெற்கே பவானி, ஈரோடு. வடக்கே பர்கூர் மலை. தாமரைக்கரை வழியாக வளைந்து ஏறும் மலைப்பாதை கர்கேகண்டி சோதனைச் சாவடியைத் தாண்டிக் கர்நாடகத்தின் கொள்ளேகால் பக்கம் போய் இறங்குகிறது. காய்கறியும் மரவள்ளியும் மாடும் போகிற வழி, ஆடியில் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்கு ஆட்கள் வருகிற வழி. கர்நாடகத்திலிருந்து மூட்டை கட்டிய புகையிலைப் பொருட்களும் இந்த வழியில் பிடிபட்டதாக நாளிதழ்களின் ஈரோடு பக்கத்தில் அடிக்கடி செய்தி வரும்.

தமிழ்நாடு 2013 மே மாதம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குட்கா, பான் மசாலா வகைகளைத் தடை செய்தது. ஆண்டுதோறும் அரசாணையை நீட்டித்து வந்தது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்ய, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. கர்நாடகமும் 2013இலேயே குட்காவைத் தடை செய்துவிட்டது. ஆனால் பாக்குத் தூள் ஒரு பொட்டலம், புகையிலை ஒரு பொட்டலம் என்று தனித்தனியாக விற்றால் அது குட்கா ஆகாது. வாங்குகிறவன் இரண்டையும் உள்ளங்கையில் கலந்துகொள்கிறான். மலைக்கு அந்தப் பக்கம் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குவது, இந்தப் பக்கம் கல்லாப்பெட்டிக்கு அடியில் இருக்கும். விலை மட்டும் ஏறியிருக்கும்.

விலை ஏறினால் நல்லதுதானே? பொதுவாக ஆமாம். புகையிலை விலை பத்து விழுக்காடு ஏறினால் நம் போன்ற நாடுகளில் பயன்பாடு சுமார் எட்டு விழுக்காடு குறையும் என்று உலக வங்கி 1999இல் கணக்குச் சொன்னது. கையில் காசில்லாத இளையவர்களிடம் அந்த விளைவு இன்னும் அதிகம். ஆனால் பிள்ளைகள் பொருளாதாரப் பாடப் புத்தகத்தைப் படித்துவிட்டு வருவதில்லை. ஒருவன் காசு பத்தாதபோது நாலு பேர் பங்கு போடுகிறார்கள். பங்கு போட்ட பொருளுக்குப் பங்காளிகள் உண்டு, ரகசியம் உண்டு, யார் வீட்டில் ஒளித்து வைப்பது என்ற ஏற்பாடு உண்டு. விலை ஏறியதால் தனியாள் பழக்கமாக இருந்திருக்கக்கூடியது ஒரு குழுவின் பழக்கமாகிவிடுகிறது.

கிடைப்பதுதான் எல்லாம் என்று முடிவு கட்டவும் முடியாது. மேலே சொன்ன 2019 ஆய்வில் அருணாசலப் பிரதேசமும் மிசோரமும் 58 விழுக்காட்டோடு உச்சத்தில் இருந்தன. மிகக் குறைந்த இரண்டு மாநிலங்கள் எவை? இமாசலப் பிரதேசம் 1.1, அடுத்தது கர்நாடகம் 1.2. பொட்டலம் வருகிற மாநிலத்திலேயே பிள்ளைகள் மிகக் குறைவாகத் தொடுகிறார்கள் என்கிறது கணக்கு. பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்து எழுதச் சொல்லும் ஆய்வில் பிள்ளைகள் முழு உண்மையையும் எழுதுவார்களா என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது. அதைக் கழித்துப் பார்த்தாலும், கடையில் தொங்குவதற்கும் பிள்ளையின் வாய்க்குப் போவதற்கும் நடுவில் வேறு என்னவெல்லாமோ இருக்கிறது என்பதை இந்த எண் நினைவூட்டுகிறது.

அந்த நடுவில் இருப்பவற்றில் பெற்றோர் முதலில் சொல்வது: ‘சேர்க்கை சரியில்லைங்க.’

இது பாதி உண்மை. டெனிஸ் காண்டல் என்ற சமூகவியலாளர் 1970களில் நியூயார்க் மாநில உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ஒரே கல்வியாண்டுக்குள் இரண்டு முறை ஆய்வு செய்தார். நண்பர்கள் ஒரே மாதிரி இருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: சேர்ந்த பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் மாறியிருக்கலாம், அல்லது ஏற்கெனவே ஒத்த குணமுள்ளவர்கள் தேடிப்பிடித்துச் சேர்ந்திருக்கலாம். இரண்டும் ஏறக்குறைய சம அளவில் வேலை செய்கின்றன என்று அவர் 1978இல் எழுதினார். ‘அவன்தான் என் பையனைக் கெடுத்தான்’ என்று இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இரண்டு வீட்டிலும் பாதிப் பாதி சரி.

பக்கத்தில் நண்பன் இருப்பது அந்த வயதில் என்ன செய்கிறது என்பதை ஒரு விளையாட்டு காட்டிக்கொடுத்தது. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பர்க் இருவரும் 2005இல் வெளியிட்ட சோதனை. கணினித் திரையில் கார் ஓட்ட வேண்டும். மஞ்சள் விளக்கு எரிந்தபின் எவ்வளவு தூரம் துணிந்து போகிறாயோ அவ்வளவு மதிப்பெண். சிவப்புக்கு மாறிச் சுவரில் மோதினால் எல்லாம் போச்சு. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஓட்டும்போது ஓரளவு நிதானமாகவே ஓட்டினார்கள். இரண்டு நண்பர்கள் பக்கத்தில் நின்றதும் துணிச்சல் விர்ரென்று ஏறியது. 24 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆள் நின்றாலும் ஒன்றுதான், நிற்காவிட்டாலும் ஒன்றுதான். 2011இல் ஸ்டைன்பர்க் இடம்பெற்ற குழு, மூளையைப் படம் பிடித்தபடி இதுபோன்ற ஒரு கார் விளையாட்டை நடத்தியது. நண்பர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் பதின்வயதினரின் மூளையில் பரிசை எதிர்பார்க்கும் பகுதிகள் கூடுதலாகச் சுறுசுறுப்படைந்தன. ஆபத்து தெரியாமல் செய்கிறார்கள் என்பதில்லை. பரிசு பெரிதாகத் தெரிகிறது. இந்த ஒரு விவரத்தை வைத்தே நம் பள்ளிகளில் ஒட்டியிருக்கும் அழுகிய வாய்ப் படங்களின் பயன் எவ்வளவு என்று ஊகித்துக்கொள்ளலாம்.

‘அந்த வயசு மூளை முழுசா வளராத மூளை’ என்று இப்போது மேடைதோறும் சொல்கிறார்கள். மூளை ஆய்வாளர் ஜே கீட் 1990களில் எம்.ஆர்.ஐ. கருவியில் அதே பிள்ளைகளை ஆண்டுக்கணக்காகத் திரும்பத் திரும்பப் படம் பிடித்ததிலிருந்து வந்த முடிவு இது. முன்னெற்றிப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் செப்பமாகிக்கொண்டே இருக்கிறது. சரிதான். ஆனால் குறைபட்ட மூளை என்று இதற்குப் பொருளில்லை. எட்டாம் வகுப்பில் சிலம்பமும் செல்போன் பழுதுபார்ப்பதும் அவ்வளவு வேகமாகப் பிடிபடுவதும் இதே மூளையால்தான். பார்த்ததைப் பிடித்துக்கொள்ளும் அந்த வேகம் நிக்கோட்டினுக்கும் பொருந்தும். மாசசூசெட்ஸில் ஜோசப் டிஃப்ரான்சா 12, 13 வயதுப் பிள்ளைகள் 681 பேரைத் தொடர்ந்து கவனித்தார். அவர்களில் 95 பேர் மாதம் ஒரு தரமாவது புகைக்கத் தொடங்கினார்கள். நாலு வாரத்துக்குள்ளேயே அவர்களில் 22 விழுக்காட்டினருக்கு ஏக்கம், எரிச்சல், விட முடியாத தவிப்பு என்று அடிமைத்தனத்தின் ஏதாவது ஒரு அறிகுறி வந்துவிட்டது. தினமும் புகைத்து, ஆண்டுக்கணக்கில் பழகினால்தான் பிடிக்கும் என்ற பழைய நம்பிக்கை 2000இல் வெளிவந்த அந்தக் கட்டுரையோடு ஆட்டம் கண்டது. ‘சும்மா எப்பவாவதுதான்’ என்று பையன் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எப்பவாவது என்பதே போதுமானதாக இருக்கிறது.

அடுத்தது வம்சம். ‘அவங்கப்பனே குடிகாரன், இவன் எப்படி இருப்பான்’ என்பது கொங்கு நாட்டில் மட்டுமல்ல, எங்கும் கேட்கிற தீர்ப்பு. இதைச் சோதிக்க இரட்டையர்களைவிட நல்ல வழியில்லை. ஒரே கருவில் பிறந்த இரட்டையரும் இரு கருவில் பிறந்த இரட்டையரும் எந்த அளவுக்கு ஒத்துப்போகிறார்கள் என்று ஒப்பிட்டால், மரபணுவின் பங்கையும் வளர்ந்த சூழலின் பங்கையும் பிரித்துப் பார்க்க முடியும். கென்னத் கெண்ட்லரும் உடன் பணியாற்றியவர்களும் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நடுவயதில் இருந்த ஆண் இரட்டையர்களிடம் அவர்களுடைய பழக்கங்களை ஆண்டு வாரியாகக் கேட்டு, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். சிகரெட், மது, கஞ்சா, காபி எல்லாவற்றிலும் ஒரே சாய்வு. தொடக்கப் பதின்வயதில் மரபணுவின் கை மிகக் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. இருவரும் பகிர்ந்துகொண்ட சூழல்தான், வீடு, தெரு, பள்ளி, கூட்டாளிகள், பெரும்பங்கு வகித்தது. வயது ஏற ஏறச் சூழலின் பிடி தளர்ந்து மரபணு மேலோங்கியது. முப்பத்தைந்து வயதில் ஒருவர் தினம் எத்தனை சிகரெட் பிடிக்கிறார் என்பதில் பாட்டன் பூட்டனுக்குப் பங்குண்டு. பதின்மூன்று வயதில் முதல் பொட்டலத்தைப் பிரிக்கிறானா என்பதில் அவர்களுக்குப் பெரிதாக வேலையில்லை.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு முடிவைத்தான் சொல்ல முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஏனென்றால் சூழலை மாற்ற முடியும், அதுவும் நாம் பையனின் குணத்தைத் திருத்தச் செலவழிக்கும் தொண்டைத் தண்ணீரில் பாதியைச் செலவழித்தால் போதும்.

சூழல் என்றால் என்ன? ஒரு சாயங்காலத்தைப் பார்ப்போம். நாலே காலுக்குப் பள்ளி விடுகிறது. அப்பா தறியில், அம்மா காட்டு வேலையிலோ நூற்பாலை ஷிஃப்டிலோ. கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பமாக வெளியூர் போய்விட்டு, படிக்கிற பிள்ளையை மட்டும் ஊரில் விட்டுப் போகும் வீடுகளும் உண்டு. பையன் வீட்டுக்குப் போனால் இருப்பது பாட்டி மட்டும். ஏழு, ஏழரை வரை அவனை யாரும் கேட்கப்போவதில்லை. பேருந்துக்குக் காத்திருக்கும் இடம், அங்கே இரண்டு வகுப்பு மேலே படித்துவிட்டு நின்றுபோன அண்ணன்கள், அவர்கள் கையில் வண்டி. இதில் எந்த ஒன்றும் தனியாகப் பார்த்தால் குற்றம் இல்லை.

வீட்டிலிருந்து கடைக்கு அனுப்பும் வழக்கமும் இருக்கிறது. இதைப் பற்றிச் சற்று நின்று பேசத் தோன்றுகிறது. ஏனென்றால் ஆய்வாளர்கள் கிடைப்பதின் எளிமை என்று எழுதுவது நம் தெருவில் எப்படி உருவாகிறது என்பது இதில் கண்கூடு. ‘சாமி, ஓடிப்போயி அப்புச்சிக்கு ஒரு கட்டு பீடி வாங்கிட்டு வா, மீதிக்கு முட்டாய் வாங்கிக்க.’ ஏழு வயதில் தொடங்குகிறது. கடைக்காரருக்குப் பையன் யார் வீட்டுப் பேரன் என்று தெரியும், கொடுத்துவிடுகிறார். ஐந்தாறு ஆண்டு இப்படிப் போய்வந்த பிறகு, அதே பையன் அதே கடையில் அதே பொருளைக் கேட்கும்போது அது அப்புச்சிக்கா தனக்கா என்று கடைக்காரர் கேட்க மாட்டார், கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். 2003ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்கக் கூடாது என்கிறது. பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் விற்கவே கூடாது என்கிறது. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, சிறுவருக்குப் போதைப் பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம் என்கிறது. சட்டத்தில் குறையில்லை. மிட்டாய்க்காக ஓடிய கால்களுக்கு வழி பழகிவிட்டது. அந்த 2019 ஆய்வில் சிகரெட் பிடிக்கும் மாணவர்களில் 69 விழுக்காட்டினரும் பீடி பிடிப்பவர்களில் 78 விழுக்காட்டினரும் கடையிலோ தெரு வியாபாரியிடமோ தாங்களே வாங்கினார்கள்.

வீட்டுக்குள் நடப்பது அதைவிடக் கனமானது. வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் அண்டா இருவரும் 1998 முதல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு வரிசை குழந்தைப் பருவத்துக் கொடுமைகளை எண்ணிப் பார்த்தது: அடி, அவமானம், அம்மா அடிபடுவதைப் பார்ப்பது, வீட்டில் குடி, பிரிவு. 2003இல் வந்த தொடர்ச்சி ஒன்று, இப்படிப்பட்ட அனுபவம் ஒவ்வொன்றும் சிறுவயதிலேயே போதைப் பொருளைத் தொடும் வாய்ப்பை இரண்டு முதல் நாலு மடங்கு வரை கூட்டுகிறது என்று கண்டது. குடிகார அப்பனின் மகன் என்று ஊர் சொல்வது இங்கே வேறு விதமாக உண்மையாகிறது. அப்பாவின் இரத்தம் செய்வதைவிட, டாஸ்மாக்கிலிருந்து அவர் திரும்பி வரும் ஒன்பது மணி செய்வது அதிகம்.

மற்றப் பொருட்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நாடு முழுவதும் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்த ஒரே போதை முகர்வதுதான்: பெரியவர்களில் 0.58 விழுக்காடு, 10 முதல் 17 வயதினரில் 1.17. பஞ்சர் பசை, வெள்ளைத் திரவம், தின்னர். காரணத்தைத் தேட வேண்டியதில்லை. விலை மலிவு, வாங்கும்போது யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகள் தமிழ்நாட்டில் கொஞ்சம் மூத்த வயதில் வருகின்றன. மருந்துச் சீட்டில்லாமல் கொடுக்கும் கடைகள் இருக்கும் வரை வரும். கஞ்சாவும் பெரும்பாலும் அப்படித்தான், பள்ளியை விட்டு விலகிய பிறகு. விலகிய பிறகு என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிடிபட்ட மாணவனைப் பள்ளி என்ன செய்கிறது? பெற்றோரைக் கூட்டிவரச் சொல்கிறது, மன்னிப்புக் கடிதம் வாங்குகிறது. இரண்டாம் முறை டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறது, அல்லது அவனாகவே நின்றுபோகும்படி நடத்துகிறது. மற்ற பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டுமே என்பது தலைமையாசிரியரின் நியாயம். நியாயம்தான். ஆனால் மைக்கேல் ரெஸ்னிக் குழு 1997இல் அமெரிக்காவின் பன்னிரண்டாயிரம் மாணவர்களின் தரவிலிருந்து எடுத்துக் காட்டிய முடிவு இதற்கு எதிராக நிற்கிறது. போதையிலிருந்து பதின்வயதினரை விலக்கி நிறுத்திய பெரிய காப்புகள் இரண்டு: பெற்றோரோடு ஒட்டுதல், பள்ளியோடு ஒட்டுதல். இங்கே என்னைப் பிடிக்கும், இங்கே எனக்கு இடமுண்டு என்று பிள்ளை நினைப்பது. எட்டாம் வகுப்பு வரை எங்கும் தங்கிவிடாமல் தேர்ச்சி பெற்று வந்தவன் ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதத்தின் முன்னால் முதல் தடவையாகத் தோற்று உட்காரும்போது அந்த ஒட்டுதல் ஏற்கெனவே நூலிழையில் இருக்கிறது. டி.சி. அந்த நூலை அறுக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் வண்டியோடு நிற்கும் அண்ணன்களில் சிலர் இப்படி அறுபட்டு வந்தவர்களாக இருக்கலாம்.

வகுப்பறையில் செய்யக்கூடியது எது என்பதற்குச் சென்னையிலேயே ஒரு சான்று இருக்கிறது. அதை நாம் சரியாகக் கொண்டாடவில்லை என்பது என் ஆதங்கம். மைத்ரி என்ற பெயரில் 2004 முதல் 2006 வரை சென்னை, டெல்லி நகரங்களின் 32 பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. செரில் பெர்ரி, மெலிசா ஸ்டிக்லர், ஸ்ரீநாத் ரெட்டி, மோனிகா அரோரா ஆகியோர் நடத்தியது. தொடக்கக் கணக்கெடுப்பே திடுக்கிட வைத்தது. புகையிலையை எப்போதாவது தொட்டிருக்கிறேன் என்றவர்கள் எட்டாம் வகுப்பில் 9.3 விழுக்காடு, ஆறாம் வகுப்பிலோ 24.8. சின்னவர்கள் பெரியவர்களை முந்திக்கொண்டிருந்தார்கள். பாதிப் பள்ளிகளில் இரண்டு ஆண்டுகள் வகுப்பறைச் செயல்பாடுகள் நடந்தன. அவற்றை நடத்தியதில் மாணவர் தலைவர்களுக்குப் பெரும் பங்கு. வீட்டுக்கு அஞ்சலட்டைகள் போயின, பள்ளியில் சுவரொட்டிகள் வந்தன. நோயைக் காட்டிப் பயமுறுத்துவதைவிட, பொட்டலத்தை நீட்டும்போது எப்படி மறுப்பது, விளம்பரம் எப்படி ஏமாற்றுகிறது, ‘எல்லாரும் போடறாங்க’ என்பது உண்மையா என்பதில் கவனம் வைத்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் சோதனைப் பள்ளிகளில் புகையிலைப் பயன்பாடு 17 விழுக்காடு குறைந்தது. மற்றப் பள்ளிகளில் 68 விழுக்காடு கூடியது.

அந்த ‘எல்லாரும்’ முக்கியமான சொல். எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டால் உள்ளதைவிட அதிகமாகச் சொல்வது பல நாடுகளில் பார்த்த விஷயம். போடாத முப்பது பேர் கண்ணில் படுவதில்லை. போடுகிற மூன்று பேர் படுகிறார்கள். ‘மாணவர்கள் போதையில் சீரழிகிறார்கள்’ என்று ஒலிபெருக்கி வைத்து ஊர்வலம் போகும்போது நாமும் அதே கணக்கை உறுதிப்படுத்துகிறோம். அமெரிக்காவில் காவலர்கள் வகுப்பறைக்கு வந்து பாடம் நடத்திய டேர் என்ற திட்டம் பெரும் புகழோடு நடந்தது. 1994இல் அதன் மதிப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது போதைப் பழக்கத்தின்மீது அதன் விளைவு மிக அற்பமாக இருந்தது. இங்கே 2022 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் உறுதிமொழி எடுத்தார்கள், பள்ளிகளில் போதை எதிர்ப்பு மன்றங்களும் உண்டு. உறுதிமொழியால் கெடுதல் ஒன்றுமில்லை. மன்றத்தை மாணவர் கையில் உண்மையிலேயே கொடுத்தால் மைத்ரி போல ஆகலாம். ஆண்டுக்கொரு பேச்சுப் போட்டியோடு நின்றால் டேர் போல ஆகலாம்.

மாலை நேரத்துக்கு வருவோம். ஐஸ்லாந்து நாட்டில் 1998இல் 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர் முந்தைய மாதத்தில் குடித்து வெறித்ததாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 ஆனது. தினமும் புகைப்பவர்கள் 23இலிருந்து 3 ஆனார்கள். அவர்கள் செய்ததில் பலவும் நமக்குப் பொருந்தாது. குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்கு மேல் பிள்ளைகள் வெளியே திரியக் கூடாது என்ற சட்டம் அந்த ஊரின் குளிருக்கு ஏற்றது. மையமான காரியம் எளிது: விளையாட்டு, இசை வகுப்புகளுக்குப் பண உதவி கொடுத்து, பள்ளி விட்டபிறகான மணிநேரங்களைப் பெரியவர் ஒருவர் உடனிருக்கும் மணிநேரங்களாக மாற்றினார்கள். தமிழ்நாட்டில் இதற்கு ஒப்பாக எதுவும் நடக்கவில்லையா? எதிர்பாராத விதமாக ஒன்று நடந்தது. கொரோனாவுக்குப் பிறகு 2021இல் வந்த இல்லம் தேடிக் கல்வி, படிப்பில் விட்டதைப் பிடிப்பதற்காக வந்த திட்டம். மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், தெருவுக்குள்ளேயே, பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் பொறுப்பில். போதையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. ஆனால் அதே நாலரைக்கும் ஏழுக்கும் நடுவிலுள்ள பொழுதைத்தான் அது எடுத்துக்கொண்டது. எட்டாம் வகுப்போடு அது நின்றுவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு அந்தத் திண்ணையில் இடமிருக்கவில்லை.

ஐஸ்லாந்தின் இன்னொரு காரியம் அந்தியூருக்கு அப்படியே பொருந்தும், செலவும் அதிகமில்லை. பெயர் எழுதாத வினாத்தாள் ஒன்றை மாணவர்களிடம் கொடுத்து நிரப்பச் சொல்லி, அந்தந்தப் பள்ளியின் முடிவை அந்தந்தப் பள்ளிக்கே சில மாதங்களில் திருப்பிக் கொடுத்தார்கள். நம் தேசிய ஆய்வுகள் மாநிலக் கணக்கோடு நின்றுவிடுகின்றன. வட்டார அளவில் நாலைந்து பள்ளிகள் சேர்ந்து இதைச் செய்யலாம். எங்கே வாங்கினாய், யார் கொடுத்தார்கள், பள்ளி விட்டதும் யாரோடு இருக்கிறாய் என்ற மூன்று கேள்விகளே பாதி வேலையை முடித்துவிடும். வகுப்பாசிரியர் முன்னால் நின்று வாங்கக் கூடாது, விடைத்தாளை வைத்து யாரையும் தேடக் கூடாது. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் அடுத்த ஆண்டு எல்லாத் தாளும் ‘இல்லை’ என்றே வரும்.

ஏற்கெனவே பிடிபட்டவனுக்கு என்ன வழி? நிக்கோட்டினை நிறுத்திய முதல் நாளே எரிச்சல், கவனச் சிதறல், தூக்கக் குறைவு, பசி ஆரம்பிக்கும். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம். பிறகு இரண்டு முதல் நாலு வாரத்தில் படிப்படியாக அடங்கும். வீட்டிலும் வகுப்பிலும் அந்த மூன்றாம் நாளைத்தான் திமிர் என்று படிக்கிறார்கள். எதிர்த்துப் பேசுகிறான், புத்தகத்தை வீசுகிறான், காரணமில்லாமல் அழுகிறான். அப்போது அவனுக்குத் தண்டனை கொடுப்பதைவிட வகுப்பில் உட்கார வைத்து, தண்ணீர் குடிக்க இரண்டு தரம் வெளியே விட்டு, அந்த வாரத்துத் தேர்வைத் தள்ளி வைப்பது பலன் தரும். தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356. பெங்களூரு நிம்ஹான்ஸ் வழியாகத் தமிழிலும் பேசுகிறார்கள். மனநல உதவிக்கு 14416. பையனைப் பேசச் சொல்வதற்கு முன்னால் அம்மாவோ ஆசிரியரோ ஒரு முறை அழைத்துப் பேசிப் பார்ப்பது நல்லது. என்ன கேட்பார்கள் என்று தெரிந்தால் அவனிடம் சொல்லி அழைக்க வைப்பது சுலபம். பெரியவர்களுக்குக் கொடுக்கும் நிக்கோட்டின் சூயிங்கத்தை மருந்துக் கடையில் தாங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். பதினெட்டுக்குக் கீழே அதை மருத்துவர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.